ஆறாவது தரை

அத்தியாயம் 14

டெய்சியைப் பாண்டிச்சேரி நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஜாஸ்மின் அழவில்லை. திண்டிவனத்தில் வண்டி மாறும்போதும் அழவில்லை. செஞ்சிக்கு வந்து, வீட்டைத் திறந்து, மகளின் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்த பிறகுதான் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அது போன வாரம். இந்த வாரம் அவளுக்கு அழ நேரமில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயந்திரம் ஐந்து மணிக்கு டாக்டரம்மா மாடித் தரையைப் பார்க்க வருகிறார்.

வீட்டில் இப்போது இரண்டே பேர். நாற்பது வயது ஜாஸ்மின், எழுபத்து நான்கு வயது மாமனார் பால்சாமி. இருவருக்கும் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. 'சாப்பிட வாங்க மாமா', 'மாத்திரை போட்டீங்களா மாமா' இரண்டோடு அவள் பேச்சு முடிந்துவிடும். அவர் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார். தினமும் ஏழு மணிக்குப் பெங்களூரிலிருந்து கிறிஸ்டோபர் போன் செய்து பேசி முடித்ததும், முன்னறைக் கட்டிலில் இருந்தபடி, "எங்க இருக்கானாம்?" என்பார்.

"ஷெட்லதான் மாமா" என்பாள்.

"ம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

கிறிஸ்டோபர் தரை போடுகிறவன். மார்பிள், கிரானைட், டைல்ஸ் என்று பெங்களூர் அப்பார்ட்மென்ட்டுகளில் அவன் கை படாத தரை கிடையாது. தங்குவது மட்டும் வேலை நடக்கும் இடத்திலேயே, தகர ஷெட்டில். "தரையா அது? மண்ணு மேல ரெண்டு சட்டி சிமெண்ட்ட கொட்டி வச்சிருக்கானுங்க. படுத்தா முதுகுல ஜல்லி குத்துது" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கேட்கிறவளுக்குச் சிரிப்பு வராது.

லீவில் வரும்போதும் சும்மா இருக்க மாட்டான். எங்கேயோ மிஞ்சிய கல்லையும் டைல்ஸையும் லாரியில் ஏற்றி வந்து வீட்டில் ஓர் அறையைப் பெயர்த்துப் போட்டு விடுவான். பத்து நாள் லீவு என்றால் எட்டு நாள் தரையோடு, இரண்டு நாள் பெண்டாட்டியோடு. ஏற்கெனவே இருந்த இரண்டோடு அப்படிச் சேர்ந்தவைதான் இந்த வீட்டின் ஐந்து தரைகள்.

முன்னறையில் மாமனார் காலத்துச் சிவப்புத் தரை. ஹாலில் பழைய மொசைக். சமையலறையில் கடப்பா கல், படுக்கையறையில் டைல்ஸ், மாடி அறையில் போன வருஷம் போட்ட வெள்ளை மார்பிள். போடுகிறவன் போட்டுவிட்டுப் போய்விட்டான். துடைக்கிறவள் அவள். ஐந்துக்கும் ஒரே துணி ஆகாது என்பது அவன் சட்டம். கொல்லைச் சுவரில் ஐந்து ஆணி, ஐந்து துணி. சிவப்புத் தரைக்கு மாமனாரின் பழைய வேட்டி. ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான், சோப்பு கூடாது. கடப்பா கல்லில் புளித்தண்ணீர் சிந்தினால் நின்று யோசிக்கக்கூடாது, உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். டைல்ஸுக்கு சோப்புத்தூள் கொஞ்சம் கூடினாலும் மேலே படலம் கட்டிக்கொண்டு காலடித் தடமாகத் தெரியும். மார்பிளுக்கு வெறும் தண்ணீரும் பிழிந்த துணியும்தான், துளி எலுமிச்சை பட்டாலும் போச்சு. இதையெல்லாம் அவள் எங்கும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் குனிந்து குனிந்தே மனப்பாடம் ஆகிவிட்டது.

போனில் வீடியோ வந்ததும் அவன் முதலில் கேட்பது, "தரைய காட்டு." போனைக் கீழே பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பாள். இந்த ஆறு வருஷத்தில் கிறிஸ்டோபர் அவள் முகத்தைப் பார்த்ததைவிட அவள் பாதங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆனால் ஆகஸ்ட் மாதா திருவிழாவுக்கு வந்தபோது அவனே ஒரு நல்ல வார்த்தை சொன்னான். திருவண்ணாமலை ரோட்டில் டாக்டர் ஒருவர் பெரிய வீடு கட்டுகிறார், மேலும் கீழும் மார்பிள் போட ஆள் தேடுகிறார். "நம்ம மாடிய பாத்து புடிச்சிருந்தா வேலை நமக்குத்தான். எட்டு மாசம் உள்ளூர்லயே இருக்கலாம்."

எட்டு மாசம். கிறிஸ்மஸ், பொங்கல், ஈஸ்டர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். டெய்சி போன பிறகு ஜாஸ்மின் அந்த எட்டு மாசத்தை நினைத்துக்கொண்டுதான் ராத்திரி கண்ணை மூடினாள்.

---

ரேஷன் கடையில் பாமாயில் வாங்கிக்கொண்டு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. எதிரே ஒரு டி.வி.எஸ் வண்டி, "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று ரெக்கார்டு போட்ட குரலைப் பரப்பிக்கொண்டு போனது. அவள் கவனிக்கவில்லை.

வாசலிலேயே மூக்கில் ஏறியது நெடி. முன்னறையில் மாமனாரின் கட்டில் காலி. முட்டி வலி என்று ஒரு வருஷமாக மாடிப்படி ஏறாத மனிதர். மேலே தென்னந்துடைப்பம் சரக் சரக் என்று தேய்க்கிற சத்தம் கேட்டது.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மாடி அறையின் நடுவில் பால்சாமி குனிந்து நின்றார். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் பாதி காலியான பாட்டில். அவர் காலடியில் வெள்ளை மார்பிள் சுர்ரென்று நுரை கக்கிக்கொண்டிருந்தது.

"மாமா! இன்னா பண்றீங்க?"

"கொரங்கும்மா" என்றார் மூச்சு வாங்க. "மலையிலிருந்து எறங்கி வந்து, உள்ள பூந்து, சேத்துக் காலோட நாட்டியம் ஆடிட்டு போயிருக்குது. தண்ணி ஊத்தி தேய்ச்சேன், கறை போவல. அதான் வண்டிக்காரன் கிட்ட..."

அவள் காதில் வாங்கவில்லை. பாத்ரூமுக்கு ஓடி பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். கீழே போய் ஆப்ப சோடா டப்பாவை எடுத்து வந்து அப்படியே கவிழ்த்தாள். நுரை அடங்கும்வரை கழுவினாள். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

சேற்றுக் கறை போயிருந்தது. கூடவே பளபளப்பும் போயிருந்தது. ஜன்னலுக்கு நேராக, அறைக்குள் நுழைகிற யார் கண்ணிலும் படுகிற இடத்தில், இரண்டு முறம் அளவுக்குச் சுண்ணாம்பு அப்பியது போலத் தரை மங்கிக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். சொரசொரவென்று இருந்தது.

"உன் அத்த மரியசெல்வி இருந்தப்போ கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மஸ் இப்பிடித்தாம்மா கழுவுவா" என்றார் பால்சாமி. "ஒரு மூடி ஆசிட்டு, ஒரு பக்கெட்டு தண்ணி. கீழ ஹாலு பளிச்சுன்னு இருக்கும். கறை போவலன்னுதான் இங்க தண்ணி கலக்கல."

"அது மொசைக்கு மாமா! இது மார்பிளு! மொசைக்குக்கே ஊத்தக்கூடாதுன்னு உங்க புள்ள தலப்பாடா அடிச்சிக்கிறாரு. அந்தம்மா சாயந்திரம் வராங்க. இந்தத் தரைய பாத்துட்டுதான் அவரு ஊருக்கு வராரா இல்லயான்னே இருக்குது. இப்ப இன்னாத்த காட்டுவேன்?"

அந்த வீட்டுக்கு வாழ வந்த பத்தொன்பது வருஷத்தில் அவள் மாமனாரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

பால்சாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுக்குத்தாம்மா நானும் கழுவுனேன்" என்றார்.

ஜாஸ்மின் பால்கனிக் கதவைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. காலையில் டெய்சி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். 'அம்மா, இங்க இட்லி கல்லு மாதிரி இருக்குதும்மா' என்று சொல்லிச் சொல்லியே அழுதுவிட்டாள். பால்கனியில் நின்று பேசிய ஜாஸ்மின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தாள். கதவைச் சாத்தியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. கோட்டைக் குரங்குகள் வாழ்கிற ஊரில் மாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவளை வேறு என்ன சொல்வது?

"கதவ நான்தான் மாமா தெறந்து வச்சிட்டுப் போனேன்" என்றாள்.

---

கிறிஸ்டோபருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கல் அறுக்கிற மெஷின் அலறியது. "வேலைல இருக்கேன். ஏழு மணிக்கு பண்றேன். அந்தம்மா வந்தா மாடிய மட்டும் காட்டு. கீழ மொசைக்க காட்டாத, மானம் போயிடும்."

மாடியை மட்டும் காட்டு. அவள் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தால் மத்தியானம் ஆகிவிடும் என்று தோன்ற, எழுந்து பரண்மேல் ஏறினாள்.

பரணில் அவன் போன வருஷம் விட்டுப்போன தகரப்பெட்டி இருந்தது. பாலிஷ் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்தது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் ஒரு கட்டு, டப்பாவில் வெள்ளை பாலிஷ் பவுடர், கம்பளித் துண்டு ஒன்று. மார்பிளை அவன் பாலிஷ் போட்டபோது டீ எடுத்துக்கொண்டு போய் நின்றவள் அவள். சின்ன நம்பர் தாளில் தொடங்குவான். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகிக்கொண்டே போகும். கடைசியில் பவுடர். மெஷினுக்குப் பதில் கை. அவ்வளவுதானே என்று நினைத்தாள். அவ்வளவு சுலபமில்லை என்று அரை மணி நேரத்தில் தோள்பட்டை சொல்லிவிட்டது.

பால்சாமி கீழே போகவில்லை. இரண்டு காலையும் நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்தார். ஒரு தாளை வாங்கிக்கொண்டு மறுமுனையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா. கை வலிக்கும்."

"வலிக்கட்டும்."

ஒருவர் தண்ணீர் தெளிக்க ஒருவர் தேய்க்க, வெள்ளைக் குழம்பாக வழிந்தது. துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்கள். பன்னிரண்டு மணி மாதா கோவில் மணி அடித்தபோது சொரசொரப்பு போயிருந்தது. மங்கல் போகவில்லை. சோற்றுக்குக் கீழே போகாமல் காலை இட்லியையே மேலே கொண்டு வந்து இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று ஜாஸ்மினுக்கு நினைவில்லை. அவருக்குத் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவதுதான் அவள் வழக்கம்.

"கொழந்த போனப்புறம் இந்த வூட்ல சத்தமே இல்லம்மா" என்றார் பால்சாமி திடீரென்று. "நீ தொடைக்கறப்போ பக்கெட்டு சத்தம் கேக்கும். ஹாலுக்கு வந்துட்டா, இப்போ சமையக்கட்டுக்கு போறான்னு படுத்தாப்பலயே கேட்டுக்கினு இருப்பேன். அது நின்னுட்டா பயமா இருக்குது."

பகல் முழுவதும் இந்த வீட்டில் தான் ஒருத்தியே இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் ஒரு மனிதர் அவளுடைய பக்கெட் சத்தத்தைத் துணையாக வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவள்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"அவன் வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணமாட்டேன். அஞ்சு தரையையும் அவரே தொடைக்கட்டும். நான் உங்க கட்டில்ல குந்திக்கினு வேடிக்கை பாக்கறேன்."

பால்சாமி சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. "எவன், கிறிஸ்டோபரா? பொறந்ததிலிருந்து ஒரு துணிய தொட்டு தொடைச்சிருப்பானா அவன்? போடுவான். தொடைக்கமாட்டான். அவன் ஷெட்டு எப்பிடி நாறிக் கெடக்குதோ."

அவளும் சிரித்துவிட்டாள். கை மட்டும் நிற்கவில்லை. நம்பர் ஏறியது. நாலு மணிக்குப் பவுடரைத் தூவி, கம்பளியால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் துடைத்துப் பார்த்தபோது ஜன்னலும் அதன் கம்பிகளும் தரையில் தெரிந்தன. ஓர் ஓரத்தில் மட்டும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓரிடம் இன்னும் கண் பூத்தாற்போல மங்கி நின்றது. ஆசிட் முதலில் விழுந்த இடம் அது. அங்கே தேய்க்க உப்புத்தாளும் தீர்ந்துவிட்டது, அவளும் தீர்ந்துவிட்டாள்.

"பாய போட்டு மூடிடலாமா?" என்றார் பால்சாமி.

"தரைய பாக்க வரவங்களுக்கு பாய காட்டுவாங்களா மாமா? நீங்க கீழ போங்க. நான் பாத்துக்கறேன்."

---

டாக்டரின் மனைவி என்பதால் டாக்டரம்மா, பெயர் ரஞ்சனி. சொன்ன நேரத்துக்கு வந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தது ஜாஸ்மினுக்குப் பிடித்திருந்தது. மாடி அறையில் காலை வைத்ததும், "அப்பா, எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு!" என்றார்.

ஜாஸ்மின் மங்கிய இடத்தின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றுகொண்டிருந்தாள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தாழ்த்தியே கட்டியிருந்தாள். ரஞ்சனி ஜன்னலுக்குப் போனார், பால்கனிக்குப் போனார், "இங்கேருந்து மலை நல்லா தெரியுதே, வாங்களேன்" என்று கூப்பிட்டார். ஜாஸ்மின் நட்டு வைத்த கம்பமாக நின்ற இடத்திலிருந்தே தலையாட்டினாள்.

"மார்பிள்னா மெயின்டனன்ஸ் கஷ்டம்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நீங்க எப்படிப் பார்த்துக்கறீங்க?"

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். முதலில் மண் இல்லாமல் பெருக்க வேண்டும், மண்ணோடு துடைத்தால் அந்த மண்ணே கல்லைக் கீறும். துணியை நன்றாகப் பிழிய வேண்டும். பாத்ரூமுக்கு ஊற்றுகிற எதையும் இங்கே கொண்டு வரக்கூடாது. மஞ்சள் விழுந்தால் அன்றைக்கே, குழம்பு விழுந்தால் அந்த நிமிஷமே. கட்டில், நாற்காலிக் காலுக்கெல்லாம் துணி கட்டிவிட வேண்டும். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. கீழே இருக்கிற நான்கு தரைகளின் சமாசாரமும் தானாக வந்தது. ரஞ்சனி இடையில் ஒரு தடவைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கே துடைக்கணும் போல இருக்கு" என்று சிரித்தார். "தரை ரொம்ப நல்லா இருக்கு ஜாஸ்மின். எங்களுக்கு ஓகே. டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்."

ஜாஸ்மினுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். எட்டு மாசம். காலையில் எழுந்தால் பல் விளக்கிக்கொண்டு கொல்லையில் ஓர் ஆள் நிற்பான். மூன்று தட்டு வைக்கலாம்.

"எங்க வீட்டுக்காரரே இருந்து பாத்து பாத்து செய்வாருங்க" என்றாள்.

ரஞ்சனி முகத்தில் ஒரு குழப்பம் ஓடியது. "அவரா? அதுதானே எங்களுக்கு ஒரே குறை. அவர் இருந்து செஞ்சா நல்லா இருக்கும்னு டாக்டர் எவ்வளவோ கேட்டாரே. வரமுடியாது, பெங்களூரை விட்டு வர வாய்ப்பே இல்லை, நல்ல பசங்களா ரெண்டு பேரை அனுப்பறேன்னு சொல்லிட்டார். பதினஞ்சு நாள் இருக்குமே. உங்ககிட்ட சொல்லலையா?"

ஜன்னல் வழியாகச் சாயந்திர வெயில் உள்ளே வந்து தரை முழுக்கப் படுத்திருந்தது. காலையிலிருந்து தேய்த்த தோள் இப்போதுதான் மொத்தமாக வலித்தது. ஜாஸ்மின் நின்ற இடத்திலிருந்து மெல்ல ஓர் எட்டு வைத்து நகர்ந்தாள்.

"அடடே, இது என்ன, இங்கே மட்டும் மங்கலா இருக்கு?"

"ஆசிட் பட்டுடுச்சுங்க."

"ஐயோ, யார் ஊத்தினது?"

படியில் பால்சாமி ஏறிவருகிற சத்தம் கேட்டது. ஓர் எட்டு, ஒரு நிறுத்தம், ஓர் எட்டு.

"நான்தாங்க" என்றாள் ஜாஸ்மின். "கவனமில்லாம ஊத்திட்டேன்."

---

டாக்டரம்மாவின் கார் தெருமுனை திரும்பும்வரை பால்சாமி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"புடிச்சிருக்குதாமா?"

"புடிச்சிருக்குதாம் மாமா."

"அப்போ புள்ள வந்துடுவான்."

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அதனால் அவள் பதில் சொல்லாமல் தப்பித்தாள். பால்சாமி தலையணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டார், தேய்த்துச் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஜாஸ்மின் கொல்லைக்குப் போய் ஐந்து துணியையும் ஒவ்வொன்றாக அலசினாள். அலசியதையே மறுபடியும் அலசினாள். பதினைந்து நாள். பதினைந்து ராத்திரி போன் பேசியிருக்கிறான். பதினைந்து தடவை தரையைக் காட்டச் சொல்லியிருக்கிறான்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"வந்தாங்களா? இன்னா சொன்னாங்க? இரு, மொதல்ல தரைய காட்டு."

காட்டினாள். கிறிஸ்டோபரின் கண்ணுக்கு அரை நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை.

"நிறுத்து, நிறுத்து. அந்த ஓரம். அது இன்னா மங்கலு? ஆசிட்டா? யாரு ஊத்துனது? எத்தினி தடவ சொல்லியிருக்கேன், உனக்கு அறிவு இருக்குதா இல்லயா?"

அவள் போனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"தரைய பாத்தது போதும். என்னைப் பாருங்க."

கிறிஸ்டோபர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு வந்தான்.

"டாக்டர்கிட்ட வரமுடியாதுன்னு சொல்லிட்டீங்களாமே. பதினஞ்சு நாளாச்சாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது... கம்பெனில விடமாட்டேன்றாங்க. நேர்ல வந்து சொல்லலாம்னு..."

"எப்போ நேர்ல?"

"வர்ற ஞாயித்துக்கிழம வந்து சொல்றேன். இப்ப வேணாம் ஜாஸ்மினு. ஷெட்டுல பசங்க எல்லாம் இருக்கானுங்க. இரு, சார்ஜர சொருவிக்கறேன்."

படம் ஆடியது. அவன் போனை எங்கோ சாய்த்து வைத்தான். சரியாக நிற்காமல் அது சரிந்தது. கேமரா கீழே பார்த்தது.

தரை தெரிந்தது.

சிவப்புத் தரை. ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. மேலே எரிகிற குழல் விளக்கு அதில் நீளமாகத் தெரிந்தது. அந்தப் பளபளப்பு ஜாஸ்மினுக்குத் தெரியும். சோப்புப் போட்டால் வராது. ஒரு நாள், ஒரு வாரத்தில் வராது. வருஷக்கணக்காக யாராவது தினமும் குனிந்து, தண்ணீரில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால்தான் வரும். துணி போன தடம் அரை வட்டம் அரை வட்டமாக இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. கதவோரத்தில் பழைய பூப்போட்ட புடவையை நாலாக மடித்து மிதியடியாகப் போட்டிருந்தார்கள்.

ஜல்லி குத்துகிற தரை அதுவல்ல. அது ஷெட்டே அல்ல. அது ஒரு வீடு. அந்த வீட்டின் தரையை இப்போதுதான் யாரோ துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"அந்தத் தரைய யாருங்க தொடைச்சது?" என்று கேட்டாள்.

"எந்தத் தரை?"

கேமரா சட்டென்று மேலே திரும்பியது. ஒரு நொடி கிறிஸ்டோபரின் முகம், வெளிறிப்போய். அடுத்த நொடி போன் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டாள். சுவிட்ச் ஆப் என்று கன்னடத்தில் ஒரு பெண் சொன்னாள்.

ஜாஸ்மின் மாடி விளக்கை அணைத்தாள். பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள். படி இறங்கி முன்னறைக்கு வந்தாள். காலுக்கடியில் மாமனார் வீட்டுச் சிவப்புத் தரை. நாளைக் காலையில் அதையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

கட்டிலில் பால்சாமி விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எங்க இருக்கானாம்?"

ஆறு வருஷத்துப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றுவிட்டது.

"தெரியல மாமா" என்றாள்.

பால்சாமி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.